பாயிண்டில் தங்கிய விபூதி

ஆயுத பூஜைக்கு நம் மீட்புப் படகுக் கொட்டகைக்கு வந்திருந்தேன். ஓய்வு பெற்றவனை மறக்காமல் கூப்பிட்டதற்கு நன்றி. பொரிகடலைப் பொட்டலத்தோடு ஓரமாக உட்கார்ந்திருந்தபோது உங்களில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் படகோடு கிளம்பினார். வண்டியில் ஏறுமுன் எஞ்சினைப் பார்த்துக் கொடுத்தவரிடம், "சொல்ல வேண்டியது எதனா இருக்கா?" என்று கேட்டார். அவர் கைபேசியிலிருந்து தலையைத் தூக்காமல், "ஒண்ணும் இல்ல" என்றார். அவ்வளவுதான், வண்டி போய்விட்டது.

பொரிப் பொட்டலத்தை மடித்துக் கீழே வைத்துவிட்டேன். அந்தக் கேள்வி எப்படி நம் கொட்டகைக்கு வந்தது என்று உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். நேர்மையான ஒரு மெக்கானிக் இருந்தார், ஊர் பார்க்கத் தன் தவறை ஒப்புக்கொண்டார், அன்றிலிருந்து இந்த வழக்கம் என்று. அந்த மெக்கானிக் நான்தான். கதையில் பாதிதான் உண்மை. மீதியை இப்போது எழுதுகிறேன். இதை எழுதலாமா என்று கேட்க வேண்டியவரிடம் கேட்டுவிட்டேன்.

உங்களில் யாரும் இனி பாயிண்ட் சரிசெய்யப் போவதில்லை. இப்போது வரும் படகு எஞ்சின்களில் அது கிடையாது. அதற்காக நான் வருத்தப்படவும் இல்லை. தொல்லை பிடித்த சாமான், ஒழிந்தது நல்லது. ஆனாலும் அது என்ன என்று தெரியாமல் என் தவறு உங்களுக்குப் புரியாது. பழைய எஞ்சினில், மேலே சுற்றும் சக்கரத்துக்கு அடியில், ஒரு ஜோடிச் சிறிய உலோகப் பொட்டுகள் இருக்கும். சக்கரம் சுற்றச் சுற்ற அவை சேரும், பிரியும். பிரிகிற கணத்தில் பிளக்கில் பொறி விழும். பிரியும்போது நடுவில் ஏறக்குறைய நகத்தின் தடிமனுக்கு இடைவெளி இருக்க வேண்டும். கூடினாலும் குறைந்தாலும் பொறி தப்பும். பொட்டுகளின் முகம் சுத்தமாகவும் இருக்க வேண்டும். நடுவில் கண்ணுக்குத் தெரியாத அழுக்கு இருந்தாலும் எஞ்சின் செத்துவிடும்.

முகம் கறுத்துப் போனால் எல்லாரும் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பார்கள். எனக்கு வேலை பழக்கிய ஃபோர்மேன் அதை ஒப்புக்கொள்ள மாட்டார். "உப்புத்தாள் மண்ணை உள்ள உட்டுட்டுப் போயிடும்" என்பார். அவர் கையாண்டது விபூதி. நம் ஊரில் குத்துவிளக்கை எதை வைத்துத் துலக்குகிறோமோ அதேதான். யார் சட்டைப் பையில் கைவிட்டாலும் ஒரு பொட்டலம் கிடைக்கும். குச்சி நுனியில் துணியைச் சுற்றி, விபூதியைத் தொட்டு மெல்லத் தேய்த்தால் பொட்டு கண்ணாடிபோல ஆகிவிடும். முடிந்ததும் ஒரு சுத்தமான தாள் துண்டைப் பொட்டுகளுக்கு நடுவே செருகி, அவை சேர்ந்திருக்கும்போதே இழுக்க வேண்டும். தாளில் சாம்பல் கோடு விழும். கோடு விழாமல் போகும் வரைக்கும் தாளை மாற்றி மாற்றி இழுக்க வேண்டும். "வெச்சவன்தான் எடுக்கணும்" என்பது அவருடைய ஒரே விதி. நான் பொறியியல் படித்துவிட்டு வந்தவன். முதலில் சிரித்தேன், பிறகு வாழ்நாள் முழுக்க அப்படித்தான் செய்தேன், ஒரு நாளைத் தவிர.

அது கார்த்திகை மாதத்து அடைமழை. நல்ல எஞ்சின்கள் எல்லாம் கடலோர மாவட்டத்துக்குப் போய்விட்டன. கொட்டகையில் மிஞ்சியது ஒற்றை சிலிண்டர் பழைய எஞ்சின் மட்டும். கயிற்றைச் சக்கரத்தில் சுற்றி இழுத்துக் கிளப்புகிற காலத்துச் சரக்கு. எதற்கும் இருக்கட்டும் என்று காலையில் அதைப் பிரித்தேன். பாயிண்ட் கறுத்திருந்தது. விபூதி போட்டுத் தேய்த்தேன். இடைவெளியை அளவுத்தகடு வைத்துப் பார்த்துச் சரியாக நிறுத்தினேன். தாள் துண்டையும் வெட்டிக் கையில் எடுத்துவிட்டேன்.

அப்போது எங்கள் அதிகாரி வாசலில் வந்து நின்றார். நாங்கள் மேடம் என்று கூப்பிடுவோம். குறைவாகப் பேசுகிறவர். கீழ்பென்னாத்தூர் பக்கம் ஓர் ஏரியின் நடுமேட்டில் ஆடு மேய்க்கிற புருஷன் பெண்சாதி மாட்டிக்கொண்டார்கள், தண்ணீர் ஏறுகிறது, உடனே கிளம்ப வேண்டும் என்றார். எஞ்சினை மூடினேன். தண்ணீர்த் தொட்டியில் மாட்டிக் கயிற்றை இழுத்தேன். முதல் இழுப்பிலேயே பிடித்துக்கொண்டு பாடியது.

"எல்லாம் செக் பண்ணீங்களா?"

"பண்ணியாச்சி மேடம்."

அந்த நேரத்தில் அது பொய்யல்ல. நான் மறந்துதான் போயிருந்தேன்.

படகை ஓட்ட வந்தவர் அன்வர். எங்கள் கொட்டகையில் அவரைவிட நிதானமான கை கிடையாது. திருவண்ணாமலையில் தலைமுறையாகத் தையற்கடை வைத்திருக்கும் குடும்பம். தண்ணீரின் மேல் ஆசைப்பட்டு இந்த வேலைக்கு வந்தவர். ஏரிக்கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது ஏரி கோடி போய்க்கொண்டிருந்தது. அதாவது நிரம்பி, கரையில் அதற்கென்று கட்டியிருக்கும் கோடிச் சுவர் மேல் வழிந்து, மறுபக்கம் பள்ளத்தில் விழுந்துகொண்டிருந்தது. அந்த இரைச்சலில் குரலை உயர்த்தித்தான் பேச வேண்டியிருந்தது. அன்வர் தனியாகப் போனார். எடை கூடாமல் இருக்கட்டும் என்று நான் கரையில் நின்றுகொண்டேன். அவர் கழுத்தில் நெகிழி உறைக்குள் கைபேசி தொங்கியது. என் கைபேசியில் அவர் பேசுவது எல்லாருக்கும் கேட்கும்படி வைத்திருந்தேன்.

படகு மேட்டை அடைந்தது. எஞ்சினை நிறுத்தினார். அங்கே ஒரு சச்சரவு ஓடுவது எங்களுக்குக் கேட்டது.

"ஆடு வராது பெரியவரே. மனுசங்க மட்டும்."

"இன்னா பாய் பேசறீங்க. சினை ஆடு இது. இத்த உட்டுட்டு நான் மட்டும் வந்து இன்னா பண்ண?"

"மத்ததெல்லாம்?"

"மத்ததுங்க மேட்டு உச்சியில நிக்கும். இது ஏறாது. வயிறு தள்ளிடுச்சி."

"இந்தா, பாய் சொல்றதைக் கேளேன்" என்றது ஒரு பெண்குரல்.

"நீ அந்தப் பையைக் கட்டிப் புடிச்சினு இருக்கியே, அத்த உட்டுட்டு வருவியா?"

பெரியவர் பெயர் கோவிந்தசாமி. மனைவி பச்சையம்மா. பைக்குள் இருந்தவை மகளின் கல்யாணப் பத்திரிகைகள். அச்சடித்து அப்போதுதான் வந்திருந்தன. குடிசை போனாலும் அதை மட்டும் காப்பாற்றி நெஞ்சோடு வைத்திருந்தார். கரையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தூரத்தில் ஆட்டை ஏற்றுவது தெரிந்தது. சரியாகப் பார்க்கக் கண்ணாடியை எடுக்கலாம் என்று சட்டைப் பையில் கை விட்டேன்.

கண்ணாடியோடு அந்தத் தாள் துண்டும் வந்தது. வெட்டிய விளிம்பு கசங்காமல், ஒரு கோடும் விழாமல், வெள்ளையாக இருந்தது.

என் தவறு எங்கே என்று கேட்டால் இந்த இடத்தைத்தான் காட்டுவேன். மறதி தவறல்ல என்று சொல்லமாட்டேன், ஆனால் மறதி எல்லாருக்கும் வரும். தாளைப் பார்த்த பிறகு எனக்கு எல்லாம் தெரியும். அன்வர் மேட்டில் நிற்கிறார், எஞ்சின் நின்றிருக்கிறது, படகு தரைதட்டி அசையாமல் இருக்கிறது. "கிளப்பாதே அன்வர், பாயிண்டைத் துடைச்சிட்டு வா" என்று சொன்னால் போதும். அவர் சாவகாசமாகத் துடைத்துவிட்டு வந்திருப்பார். மேடம் என் தோளுக்குப் பக்கத்தில் குடையோடு நின்றுகொண்டிருந்தார். கிளம்பும் முன் 'பண்ணியாச்சி' என்று அவரிடம்தான் சொல்லியிருந்தேன். போகும்போது நன்றாகத்தானே ஓடியது, வரும்போதும் ஓடிவிடும் என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதுகூடச் சரியல்ல. அப்படி வேண்டிக்கொண்டேன். தாளைப் பைக்குள் திருப்பி வைத்துவிட்டேன்.

படகு கிளம்பிப் பாதி வழிகூட வரவில்லை. எஞ்சின் இருமியது, நின்றது. உள்ளே என்ன நடந்திருக்கும் என்று பார்க்காமலே சொல்ல முடிந்தது. பாயிண்டுக்குப் பக்கத்தில் உராயும் இடத்துக்கு ஒரு சொட்டு எண்ணெய் வைத்திருந்தேன். சூட்டில் அது இளகி, துடைக்காத சாம்பலோடு குழைந்து, பொட்டுகளுக்கு நடுவே பசைபோலப் படிந்துவிட்டது.

"சார், நின்னுடுச்சி" என்றார் அன்வர். குரலில் பதற்றம் இல்லை.

"பெட்ரோல் வருதா பாரு" என்றேன்.

"வருது சார்."

"பிளக்கைக் கழட்டித் துடைச்சி மாட்டு."

அவர் கழற்றினார், துடைத்தார், மாட்டினார். கயிற்றைச் சுற்றி இழுத்தார். திரும்பத் திரும்பச் சுற்றினார், இழுத்தார். படகு மெல்லக் கோடிப் பக்கம் திரும்பியது. துடுப்பு ஒன்றைப் பெரியவர் வலித்தார். நீரின் இழுப்புக்கு அது ஈடாகவில்லை. நங்கூரத்தைப் போட்டார்கள். சேற்றில் பிடிக்காமல் உழுதுகொண்டு வந்தது. வழியில் சீமைக்கருவேல மரங்கள் கூட்டமாகத் தலையை மட்டும் வெளியே நீட்டியிருந்தன. கனத்த மரங்கள், கட்டினால் படகு நிற்கும். அன்வர் அவற்றை விட்டுவிட்டு இன்னொரு முறை கயிற்றைச் சுற்றினார். நான் சொன்ன வைத்தியம் பலிக்கும் என்று நம்பினார். அந்தக் கூட்டத்தைப் படகு தாண்டிவிட்டது.

"சோக்கை இழுத்துப் பாரு" என்றேன். மூன்றாவது பொய். நோய் தெரிந்தே வேறு மருந்து எழுதிக்கொண்டிருந்தேன்.

இனி கோடிக்கு முன்னால் ஒரே ஒரு மரம். மெலிந்தது. தண்ணீரின் வேகத்தில் வளைந்து வளைந்து நிமிர்ந்தது. கைபேசியில் ஆடு கத்துவது கேட்டது, பச்சையம்மா எந்தச் சாமியையோ கூப்பிடுவது கேட்டது. அன்வரின் மூச்சும் கேட்டது. அது எனக்குத் தெரிந்த அன்வரின் மூச்சாக இல்லை.

"அன்வர், கயித்தை உடு" என்றேன். "அந்த மரத்தைப் புடி. தப்பு எஞ்சின் மேல இல்ல, என் மேல. காலைல பாயிண்டுக்கு விபூதி போட்டேன், துடைக்கல. அங்க சாம்பல் இருக்கு. அதான்."

அன்வர், "இன்னா சார், எஞ்சினுக்கு மொட்டை போட்டுக் காதும் குத்திட்டீங்களா?" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. மேடம் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. தன் குடையை மட்டும் நகர்த்தி என் கைபேசிக்கு மேல் பிடித்தார்.

மரத்தைப் பிடிக்க வேண்டுமானால் முள்ளைப் பிடிக்க வேண்டும். அன்வர் பிடித்தார். படகுக் கயிற்றைக் கட்டி முடித்தபோது கை முழுக்க ரத்தம் என்று பிறகு பச்சையம்மா சொன்னார். படகு நின்றது. மரம் வளைந்துகொண்டே இருந்தது.

"சார், இப்ப சொல்லுங்க."

"சக்கரத்துல ஒரு சன்னல் இருக்கும். அது வழியா பாயிண்ட் தெரியுற வரைக்கும் சக்கரத்தைத் திருப்பு. ரெண்டும் ஒட்டினு இருக்குறப்ப நிறுத்து. ஒரு தாளைச் செருகி இழு. காஞ்ச தாளா இருக்கணும்."

"எல்லாம் நனைஞ்சிருக்கு சார். காஞ்ச தாளுக்கு எங்க போறது?"

காய்ந்த தாள் அந்தப் படகில் ஒரே இடத்தில்தான் இருந்தது. அன்வர் கேட்பதும், பச்சையம்மா மறுப்பதும் காதில் விழுந்தது.

"பத்திரிகையைக் கிழிக்கறதா? தாலி ஏறாத பொண்ணுக்கு? ஆவாது பாய்."

"தே, உசுரு போவுது, பத்திரிகையைப் பார்க்கற."

"நீ துடுப்பைப் போடு. ஆட்டை உடமாட்டேன்னு நின்னது யாரு?" பிறகு பையைப் பிரிக்கிற சத்தம். "கவரைக் கிழிச்சிக்கோ பாய். கவர்ல மூலைக்கு மூலை மஞ்சள் தடவியிருக்கும், பரவால்லியா?"

"மஞ்சள் மூலையை உட்டுட்டு நடுவுல கிழி" என்று நான் கத்தினேன். சாம்பலை எடுக்கப் போய் மஞ்சளை வைத்துவிடக் கூடாது. அந்த அளவுக்காவது புத்தி திரும்பியிருந்தது.

பெரியவரும் அம்மாவும் நெகிழிப் பையை விரித்து எஞ்சின் மேல் மழைக்கு மறைவு பிடித்தார்கள். அன்வர் முதல் துண்டைச் செருகி இழுத்தார். "கறுப்பா கோடு வருது சார்" என்றார். அடுத்தது. "கம்மியாவுது." அடுத்தது. துண்டுகளை எங்கே போட்டார் என்று கேட்கிறீர்களா? ஆடு தின்றுகொண்டிருந்தது. "இதுக்கு அழைப்பு வெச்சாச்சி" என்று பெரியவர் சொன்னது கேட்டது. கடைசியில், "சுத்தமா வருது சார்" என்றார் அன்வர்.

கயிற்றைச் சுற்றி இழுத்தார். பிடிக்கவில்லை. மறுபடி இழுத்தார். பிடித்தது. அந்தச் சத்தத்தை அண்ணாமலையார் கோயில் மணிக்கு ஒப்பிட்டு எழுதலாம், வேண்டாம். படபடவென்று ஒரு பழைய எஞ்சினின் சத்தம், அவ்வளவுதான். நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். கரைச் சேறு வேட்டிக்குள் ஏறியதுகூடத் தெரியவில்லை. படகு கரைக்கு வந்தது. ஆடுதான் முதலில் இறங்கியது. எதுவும் நடக்காததுபோலக் கரைப் புல்லை மேயத் தொடங்கியது.

மேடம் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார்: "துடைக்கலைன்னு உங்களுக்கு எப்ப ஞாபகம் வந்திச்சி?"

"எஞ்சின் நின்ன பிறகுதான் மேடம். யோசிச்சிப் பார்த்தப்பதான்" என்றேன். அவர் தலையசைத்தார். "எல்லார் எதிர்லயும் சொன்னீங்களே, அது பெரிய விஷயம்" என்றார்.

அந்தப் பாராட்டுதான் என்னை உறுத்தியது. விளக்கம் கேட்டார்கள், எழுதிக் கொடுத்தேன், அதிலும் இதையே எழுதினேன். கொட்டகையில் என் பேர் உயர்ந்தது. அன்வர் அடுத்த முறை படகை எடுக்கும்போது விளையாட்டாக, "சார், சொல்ல வேண்டியது எதனா இருக்கா?" என்று கேட்டார். நானும் இருப்பதையெல்லாம் சொன்னேன். கைப்பிடி ரப்பர் தளர்வு, டேங்க் மூடி சரியில்லை என்று. மற்றவர்களும் கேட்கத் தொடங்கினார்கள். நல்ல வழக்கம்தான். நல்ல வழக்கத்துக்கு அடியில் என்ன கிடந்தது என்று எனக்கு மட்டும் தெரியும். அன்வரின் வலது நடுவிரல் மூட்டில் முள் ஒடிந்து, சீழ் வைத்து, ஆறியபோது விரல் மடங்காமல் போய்விட்டது. அவர் கயிற்றைச் சுற்றும்போது அந்த விரல் மட்டும் தனியாக நீட்டிக்கொண்டு நிற்கும். நான் வேறு பக்கம் பார்ப்பேன்.

தை மாதத்தில் கல்யாணத்துக்குப் போனோம். எங்களுக்குக் கவர் இல்லாத பத்திரிகைதான் வந்தது. பந்தியில் அன்வர் என் பக்கத்து இலையில் உட்கார்ந்து சாப்பிட்டார். அன்றும் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

இதிலிருந்து நான் கற்றதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். தவறு செய்த கணத்தில் நமக்குப் பெரும்பாலும் எதுவும் தெரியாது. தெரிந்த கணம் ஒன்று வரும். அது சின்னதாக வரும், சட்டைப் பையிலிருந்து வரும், அப்போது பக்கத்தில் யாராவது குடையோடு நிற்பார்கள். படகு தரைதட்டி நிற்கும்போது சொன்னால் ஒரு வாக்கியத்தோடு போகும். நடுத் தண்ணீரில் சொன்னால் ஒருவர் முள்ளைப் பிடித்தாக வேண்டும். "ஒண்ணும் இல்ல" என்பதும் ஒரு பதில்தான். தலையைத் தூக்கி, யோசித்துவிட்டுச் சொல்லுங்கள்.

ஆயுத பூஜை அன்று அந்தப் பெண்ணுக்குக் கிடைத்த பதிலைக் கேட்ட பிறகு என்னால் உட்கார முடியவில்லை. வெளியே வந்தேன். அன்வர் தன் வண்டிக்குச் சந்தனம் வைத்துக்கொண்டிருந்தார். அடி அண்ணாமலையில் இருக்கும் என் வீட்டில் கொண்டுபோய் விடுகிறேன் என்றார். வண்டியைக் கிளப்பிவிட்டு, வழக்கம்போல, "சொல்ல வேண்டியது எதனா இருக்கா சார்?" என்று சிரித்தார்.

"இருக்கு" என்றேன்.

சிரிப்பு நிற்பதற்குள் சொல்லிவிட்டேன். தாள் துண்டு. மேடு. அவர் ஆட்டை ஏற்றிக்கொண்டிருந்தது. பெட்ரோல், பிளக், சோக், மூன்றும் தெரிந்தே சொன்னவை. மேடத்திடம் சொன்ன பொய். எல்லாம்.

அவர் எஞ்சினை அணைத்தார். கையை ஹேண்டில்பாரிலிருந்து எடுக்கவில்லை. நீட்டிய விரல் அதன்மேல் இருந்தது.

"இத்த அன்னிக்கே சொல்லியிருந்தீங்கன்னா, கரையிலயே உங்கள அடிச்சிருப்பேன்" என்றார்.

"அடிச்சிருக்கணும்."

"இப்ப அடிக்க முடியாது. வயசாயிடுச்சி உங்களுக்கு. எதனா ஆயிட்டா நான்தான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு ஓடணும்." பிறகு திரும்பி என் முகத்தைப் பார்த்துக் கேட்டார். இந்தமுறை சிரிக்கவில்லை. "வேற எதனா இருக்கா சார்?"

நான் யோசித்தேன். உண்மையாகவே யோசித்தேன், அடிமுதல் நுனிவரை.

"இல்லப்பா. அவ்ளோதான்."

"அப்ப ஏறுங்க" என்றார்.